முன் டயரின் வயதைப் பாருங்கள், தம்பி

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது பின் டயரைப் பற்றி. 2017-ல் எடுத்த 150 சிசி வண்டி, 43,000 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது. பின்னால் இருக்கும் 100/90-17 டியூப்லெஸ் டயர் இரண்டாம் முறையாகத் தேய்ந்துவிட்டது. கடைக்காரர் 120/80 போடுங்கள், வண்டி கும்மென்று இருக்கும் என்கிறார். எந்தக் கம்பெனி வாங்கலாம் என்பது கேள்வி. முன் டயர் வண்டியோடு வந்ததுதான், பட்டன் (டயரின் மேல் எழும்பி நிற்கும் ரப்பர்க் கட்டிகள்) நன்றாகவே இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்தானே என்று நடுவில் ஒரு வரி. கடைசியில், போன மாதம் மனைவி குழந்தையோடு சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் தூறலில் பிரேக் பிடித்தேன், முன் சக்கரம் ஒரு நொடி வழுக்கிப் போய்ப் பிறகு பிடித்தது, அதிலிருந்து அந்த ரோடு என்றாலே பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் படித்தவரைக்கும் அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி. வழுக்கியது முன் சக்கரம், நீங்கள் மாற்ற நினைப்பதோ பின் டயர். அதனால் முன்னாலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஓசூரில் ஒரு டயர் டீலரிடம் நான்கு வருடம் டயர் மாட்டும் வேலை கற்றேன். அப்புறம் காவேரிப்பட்டணத்தில் சொந்தப் பட்டறை, 21 வருடமாக இருசக்கர வண்டிகள் மட்டும். நான் இன்ஜினியர் இல்லை, ரப்பரைச் சோதிக்கும் லேப் என்னிடம் கிடையாது. உங்கள் வண்டியையும் நேரில் பார்க்கவில்லை. எது உறுதியான விஷயம், எது என் பட்டறை அனுபவம், எது வெறும் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானது இது. டயர் இரண்டு வழியில் கெடும். ஒன்று தேய்மானம், அது கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று வயது, அது தெரியாது. ரப்பருக்குள் அதை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள்கள் இருக்கின்றன. வெயில், காற்றிலுள்ள ஆக்சிஜன், ஓசோன் எல்லாம் சேர்ந்து வருடக்கணக்கில் அந்த மிருதுத் தன்மையை எடுத்துவிடும். ரோடு என்பது பார்க்கத்தான் வழவழப்பு. கிட்டத்தில் பார்த்தால் சின்னச் சின்ன ஜல்லி முனைகள். மிருதுவான ரப்பர் அந்த முனைகளுக்குள் அமுங்கி உட்காரும், அதற்குப் பெயர்தான் பிடிப்பு. இறுகிப்போன ரப்பர் மேலே மேலே நிற்கும். காய்ந்த ரோட்டில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஈரத்தில் தெரியும், அதுவும் பிரேக் பிடிக்கும்போதுதான் தெரியும்.

பிரேக் பிடித்தால் வண்டியின் எடை முன்னால் சாயும். சமதளத்திலேயே நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு முன் சக்கரத்துக்குத்தான். இறக்கத்தில் இன்னும் அதிகம். தருமபுரியிலிருந்து சேலம் போகும் பக்கம்தான் தொப்பூர் கணவாய் இறங்குகிறது, உங்களுக்குத் தெரியும். இரட்டைப் பாலம் வரைக்கும் லாரிகள் பிரேக்கிலேயே உருண்டு வரும் ரோடு அது. சொட்டிய ஆயிலும் டீசலும் ரோட்டில் படிந்திருக்கும். பலத்த மழை என்றால் கழுவிவிட்டுப் போய்விடும். தூறல்தான் மோசம், எண்ணெயையும் தூசியையும் குழைத்து மேலே பூசிவிடும். அந்த இடத்தில், மூன்று பேர் எடையோடு, எட்டு வருடத்து முன் டயரோடு பிரேக் பிடித்திருக்கிறீர்கள். உங்கள் வண்டி 2017 என்கிறீர்கள். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். ஆகவே உங்கள் வண்டியில் ஏபிஎஸ் இருக்க வாய்ப்பு குறைவு. சக்கரம் பூட்டிக்கொண்டால் விடுவிக்க உங்கள் விரல்களைத் தவிர வேறு எதுவும் இல்லை.

இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. 2012-ல் செகண்ட் ஹேண்டில் ஒரு வண்டி வாங்கியிருந்தேன். முன் டயரில் பட்டன் அப்படியே நின்றது, வாங்கும்போது அதற்காகவே சந்தோஷப்பட்டேன். ராயக்கோட்டை தக்காளி மண்டிப் பக்கம் ஒரு சாயங்காலம், கோடை மழை பெய்து ஓய்ந்த நேரம். 40 வேகம்கூட இருக்காது. முன்னால் போன வேன் நின்றது, நானும் லேசாகத்தான் பிடித்தேன். ஹேண்டில் பார் கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போனதுபோல இருந்தது, அடுத்து நான் ரோட்டில் கிடந்தேன். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் திண்ணையில் உட்கார்ந்து எதிரில் நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் எழுந்து போய் முன் டயரைத் தடவினேன். கட்டை விரல் நகத்தால் அழுத்தினால் பள்ளமே விழவில்லை, பிளாஸ்டிக் வாளியை அழுத்துவதுபோல இருந்தது. பட்டனுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தை விரித்துப் பார்த்தால் அடியில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. பக்கவாட்டில் தேதி 2003. ஒன்பது வருடத்து டயர். டயர் மாட்டுவதே தொழிலாக இருந்தும் என் சொந்த வண்டியில் அதைப் பார்க்கவில்லை. அன்றைக்கு ரோட்டில் நசுங்கிய தக்காளி வேறு கிடந்தது. புது டயராக இருந்தாலும் விழுந்திருப்பேனோ என்று கேட்டால் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு பட்டறைக்கு வரும் எந்த வண்டியிலும் முதலில் முன் டயரின் தேதியைத்தான் பார்க்கிறேன்.

தேதி பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். டயரின் பக்கவாட்டில் எழுத்தும் எண்ணுமாக நிறைய இருக்கும். அதில் ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் தனியாகத் தெரியும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 0917 என்றால் 2017-ம் வருடம் ஒன்பதாவது வாரம். பல டயர்களில் இது ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், அதனால் இந்தப் பக்கம் காணோம் என்றால் அந்தப் பக்கம் உட்கார்ந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மண் படிந்திருந்தால் பழைய பல் தேய்க்கும் பிரஷ் போதும்.

எத்தனை வருடத்தில் மாற்றுவது என்பதில் ஒரே விடை கிடையாது. டயர் கம்பெனிகள் பல சொல்வது, ஐந்து வருடம் ஆனபின் வருடத்துக்கு ஒரு முறை தெரிந்தவரிடம் காட்டுங்கள், பத்து வருடம் ஆனால் பார்க்க எப்படி இருந்தாலும் கழற்றிவிடுங்கள் என்பது. அது எல்லா ஊருக்கும் பொதுவாகச் சொன்னது. நம் பக்கத்து வெயிலில், வேலைக்குப் போன இடத்தில் நிழல்கூட இல்லாமல் தினமும் எட்டு மணி நேரம் நிற்கும் வண்டிக்கு நான் ஆறு வருடம் என்று கணக்கு வைத்திருக்கிறேன். இது என் கணக்கு, சட்டம் இல்லை. வீட்டுக்குள் நிழலில் நிற்கும் வண்டியில் ஏழாம் வருடத்திலும் ரப்பர் மெத்தென்று இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்களுடையது எட்டு வருடம், அதோடு ஒரு முறை வழுக்கியும் காட்டிவிட்டது. இதில் எனக்கு யோசனையே இல்லை. இரண்டையும் மாற்றுங்கள். இந்த மாதம் ஒன்றுதான் முடியும் என்றால், பின் டயரில் தேய்மானக் குறி இன்னும் தரையைத் தொடவில்லை என்றால், முன் டயரை முதலில் மாற்றுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் யோசிக்கவே நேரம் இருக்காது.

தேய்மானக் குறி என்று சொன்னேனே, டயரின் ஓரத்தில் டி.டபிள்யூ.ஐ. என்று மூன்று ஆங்கில எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால் ஒரு குட்டி மேடு. பைக் டயரில் அது பொதுவாக 0.8 மில்லிமீட்டர் உயரம். சுற்றியிருக்கும் பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. நான் அதுவரைக்கும் காத்திருக்க விடுவதில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் மாற்றச் சொல்வேன், ஏனென்றால் தேங்கிய தண்ணீரை அந்தப் பள்ளம்தான் வெளியே தள்ள வேண்டும். பள்ளம் இல்லாவிட்டால் டயர் தண்ணீர் மேலேயே மிதக்கும். நடுவில் மட்டும் தட்டையாகத் தேய்ந்து ஓரம் புதிதுபோல இருந்தால் பயப்பட வேண்டாம், தருமபுரி கிருஷ்ணகிரி நான்கு வழிச் சாலையில் தினமும் நேராக ஓடும் வண்டியெல்லாம் அப்படித்தான் தேயும். ஆனால் அந்தத் தட்டை விழுந்த டயரோடு பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்கும் வளைவுகளுக்குப் போனால் வண்டி சாயும்போது ஒரு விளிம்பில் ஏறி இறங்குவதுபோல உதறும். அதைச் சிலர் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஷாக் குழாய்கள்) கோளாறு என்று நினைத்துச் செலவு செய்கிறார்கள்.

சரி, 120/80 விஷயத்துக்கு வருவோம். 100/90-17 என்றால் அகலம் 100 மில்லிமீட்டர், உயரம் அதில் 90 சதவீதம், அதாவது 90 மில்லிமீட்டர், ரிம் 17 இன்ச். கூட்டிப் பார்த்தால் டயரின் மொத்த விட்டம் சுமார் 612 மில்லிமீட்டர். 120/80 என்றால் உயரம் 96, மொத்த விட்டம் சுமார் 624. அகலம் 20 மில்லிமீட்டர் கூடுவது மட்டுமில்லை, வண்டியின் பின்புறம் 6 மில்லிமீட்டர் தூக்கும், செயின் பக்கமும் மட்கார்டு பக்கமும் இடைவெளி குறையும். அதைவிட முக்கியம் ரிம். உங்கள் அலாய் வீலின் மேல் 17 என்ற எண்ணோடு 2.15 என்றோ 2.50 என்றோ வார்த்திருக்கும், அது ரிம்மின் அகலம், இன்ச் கணக்கு. 120/80-17 டயருக்குப் பொருத்தமான ரிம் 2.75. அதைவிடக் குறுகிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் இரண்டு விளிம்பும் உள்ளே இழுபட்டு நடு முதுகு கூனல்போல எழும்பும். அப்புறம் அந்த அகலத்தில் ஒரு பகுதி ரோட்டைத் தொடவே தொடாது. பார்வைக்குப் பெரிய டயர், ரோட்டில் பழைய அளவுதான், சில சமயம் அதைவிடக் குறைவு. வளைவில் வண்டி சாய மறுக்கும், மைலேஜும் கொஞ்சம் குறையும். 150 சிசி இன்ஜினுக்கு அந்த அகலம் தேவையும் இல்லை.

அகலமான டயர் என்றால் அதிகப் பிடிப்பு என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அகலம் தேவைப்படுவது அதிக சக்தி உள்ள வண்டிக்கு, அதற்கேற்ற ரிம்மோடு. உங்கள் வண்டிக்கு நான் 100/90-17-ஐயே போடுவேன். ரிம் 2.50 இருந்து, மனசு கேட்கவில்லை என்றால் 110/80-17 வரைக்கும் போகலாம். அதன் விட்டம் 608, பழைய டயருக்கு மிகப் பக்கத்தில் வருகிறது. அதற்கு மேல் வேண்டாம். கடைக்காரரைத் தப்பாகச் சொல்லவில்லை, கேட்டு வரும் பத்துப் பேரில் ஏழு பேர் அகலம்தான் கேட்கிறார்கள், அவரும் அதையே சொல்லிப் பழகிவிட்டார்.

அளவுக்குப் பக்கத்தில் 55P, 46P என்று ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் எடை தாங்கும் குறி. 55 என்றால் 218 கிலோ, 46 என்றால் 170 கிலோ. P என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வரை. உங்கள் வண்டிக்கு என்ன குறி போட்டிருக்கிறதோ அதற்குக் கீழே இறங்கக் கூடாது, கூட இருக்கலாம். குடும்பத்தோடு போகிறவர் நீங்கள், இதை மட்டும் பில் போடும் முன் கடையிலேயே படித்துப் பாருங்கள். ரிம் அலாய் என்பதால் டியூப்லெஸ் சரி. ஸ்போக் கம்பி வைத்த சாதாரண ரிம்மில் டியூப்லெஸ் டயரை டியூப் இல்லாமல் போட முடியாது, கம்பி ஓட்டைகள் வழியே காற்று போய்விடும். இது உங்களுக்கு இல்லை, படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

கம்பெனி எது என்பதில்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள், எனக்கோ சொல்ல அதிகம் இல்லை. எம்ஆர்எஃப், சியட், டிவிஎஸ் யூரோகிரிப், அப்பல்லோ, மிஷ்லின், எல்லாமே என் பட்டறையில் மாட்டியிருக்கிறேன். ஒரே கம்பெனியிலேயே நீடித்து உழைக்கும் கெட்டி ரப்பர் டயரும் இருக்கும், பிடிப்புக்கென்று செய்த மிருது ரப்பர் டயரும் இருக்கும். ஆகவே இந்தக் கம்பெனி நல்லது, அந்தக் கம்பெனி மோசம் என்பதைவிட எந்த மாடல் என்று கேட்பதே சரி. மிருது ரப்பர் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கெட்டி ரப்பர் நாள்பட ஓடும், மழையில் கொஞ்சம் பயம் காட்டும். இரண்டும் ஒரே டயரில் முழுசாகக் கிடைக்காது. என் அனுபவத்தில் இந்த அளவு வண்டிகளுக்குப் பின் டயர் 15,000 முதல் 25,000 கிலோமீட்டர் வரை வருகிறது. முன் டயர் அதைப்போல ஒன்றரை மடங்காவது வரும், அதனால்தான் முன் டயர் தேய்ந்து சாவதற்குப் பதில் வயதாகிச் சாகிறது. உங்களுக்கு நான் சொல்வது, முன்னால் பிடிப்புக்கான மாடல், பின்னால் நடுத்தரம். முன் டயர் தேய்வது குறைவு என்பதால் அங்கே மிருது ரப்பர் போட்டாலும் நஷ்டம் இல்லை. இரண்டும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டியது கட்டாயம் இல்லை, இருந்தால் நல்லது. ஆனால் முன்னால் ரேடியல், பின்னால் சாதாரண நைலான் டயர் என்று உள்நூல் அமைப்பு வேறான இரண்டை மாற்றி மாட்டாதீர்கள்.

டயர் மதுரைத் தொழிற்சாலையிலிருந்து வந்ததா, அரக்கோணம் தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்பதைவிட அந்த நான்கு இலக்கம் முக்கியம். நிழலில், தரையில் படாமல் வைத்த டயர் ஒரு வருடம் கடையில் இருந்தாலும் பழுதில்லை. கடை வாசலில் வெயிலில் மாலைபோலத் தொங்கவிட்ட டயர் வேண்டாம். தேதி இரண்டு வருடத்துக்கு மேல் போயிருந்தால் தயங்காமல் வேறு கேளுங்கள், உள்ளே இருந்து எடுத்துத் தருவார்கள். ஐஎஸ்ஐ முத்திரையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய டயரில் சூட்டுக் கத்தியால் புதுப் பட்டன் வெட்டித் தருகிறேன் என்று சில இடங்களில் சொல்வார்கள். பைக் டயரில் அதை எந்தக் காரணத்துக்கும் செய்யாதீர்கள். டயருக்குள் இருக்கும் நூல் அடுக்குக்கு மேல் இருக்கும் கொஞ்சநஞ்ச ரப்பரையும் வெட்டி எடுத்துவிட்டு அதற்குக் காசு வாங்குகிறார்கள். அப்படி வெட்டிய ஒரு டயர் ஓடும்போதே நடுவில் பிளந்து, நூல் வெளியே தெரிய என் பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார் ஒரு பால்காரர். இரண்டு பக்கமும் கேன் நிறையப் பால். கீழே விழாமல் நிறுத்தியது அவர் அதிர்ஷ்டம்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பக்கவாட்டில் அம்புக்குறி இருக்கும், சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் திசையில் அது இருக்க வேண்டும். டயரின் மேல் ஒரு மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம், வால்வுக்கு நேராக வர வேண்டும். வால்வும் ரப்பர்தானே, டியூப்லெஸ்ஸில் டயர் மாற்றும்போதே அதையும் மாற்றிவிடுங்கள், செலவு ரொம்பக் குறைவு. விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் காற்று ஏற்றினால் டப், டப் என்று இரண்டு சத்தம் கேட்கும், ஒரு பக்கத்துக்கு ஒன்று. அதன் பிறகு ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோட்டைச் சுற்றிலும் பாருங்கள். ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரம் இருந்தால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் காற்றை இறக்கி மறுபடி ஏற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் 60 வேகத்தில் வண்டி குதிக்கும். பின் சக்கரம் கழன்றிருக்கும்போதே பேரிங்கை விரலால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். செயின் இறுக்கியபின், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் இரண்டு பக்கக் கோடும் ஒரே எண்ணிக்கையில் இருக்கிறதா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

புது டயர் போட்ட அன்றைக்கே நேராகத் தொப்பூருக்குப் போகாதீர்கள். அச்சிலிருந்து வந்த வழவழப்பு மேல்தோலில் இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரை நிதானமாக ஓட்டி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துப் பழக்குங்கள், திடீர் பிரேக் வேண்டாம். அப்புறம் ஒரு வேண்டுகோள். வாட்டர் வாஷ் செய்யும் இடத்தில் டயருக்குப் பாலிஷ் அடித்துக் கறுப்பாகப் பளபளக்க வைப்பார்கள். பக்கவாட்டில் அடித்தால் போகட்டும், ரோட்டில் படும் இடத்தில் அடிக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காசு கொடுத்து வழுக்கலை வாங்குவது அது.

நல்ல டயரைக் கெடுப்பது பெரும்பாலும் காற்றுதான். இந்த அளவு வண்டிகள் பலவற்றில் முன்னால் 25, பின்னால் தனியாக என்றால் 28, இருவர் என்றால் 32 பி.எஸ்.ஐ. என்று இருக்கும். உங்கள் வண்டியின் செயின் கார்டிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் என்ன சொல்கிறதோ அதுவே கடைசி. சேலம் போகும் நாளில் மூன்று பேர் என்பதால் பின்னால் இருவர் கணக்குக் காற்று இருக்க வேண்டும். காற்றைக் காலையில், வண்டி ஓடும் முன் பார்க்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஒரு பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏறும். மதியம் ஓடி வந்த சூட்டில் அளந்துவிட்டு அதிகமாக இருக்கிறதே என்று இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் குறைந்த காற்றோடு கிளம்புவீர்கள். காற்று குறைந்தால் டயர் மடங்கி மடங்கிச் சூடாகும், ஓரம் தேயும், ஹேண்டில் கனக்கும். பெட்ரோல் பங்கில் இருக்கும் மீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதே இல்லை. சில நூறு ரூபாய்க்குச் சொந்தமாக ஒரு மீட்டர் வாங்கி வீட்டில் வையுங்கள், பத்து நாளைக்கு ஒரு முறை போதும். நைட்ரஜன் வேண்டுமா என்று கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சும்மா கிடைத்தால் ஏற்றிக்கொள்ளுங்கள், தேடிப் போக வேண்டாம்.

பஞ்சர் ஆனால், ரோட்டில் படும் நடுப் பகுதியில் ஆணி அளவு ஓட்டை என்றால் பஞ்சர் குச்சி (பிசின் தடவிய ரப்பர் திரி) போட்டு ஓட்டலாம். நெடுந்தூரம் போகிறவர் என்றால் டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவ பிளக் போடுவது நல்லது, அப்போதுதான் உள்நூல் சேதமாகியிருக்கிறதா என்றும் தெரியும். பக்கவாட்டில் வெட்டு விழுந்தால் ஒட்டக்கூடாது, டயரே போச்சு. பர்கூர் பக்கம் கிரானைட் சில்லு கிடக்கும் ரோடுகளில் ஓட்டினால் வாரம் ஒரு முறை பள்ளங்களில் சிக்கிய கல்லைச் சாவி முனையால் எடுத்துவிடுங்கள், அது மெல்ல மெல்ல உள்ளே ஏறும். பஞ்சர் ஜெல் ஊற்றுவதை நான் ஊக்கப்படுத்துவதில்லை. ஆணி ஏறியதே தெரியாமல் மாதக்கணக்கில் ஓடும், கழற்றும்போது உள்ளே எல்லாம் பிசுபிசு என்று ஒட்டிக்கிடக்கும்.

ஒன்று மட்டும் எனக்கு நேரில் பார்க்காமல் சொல்ல முடியாதது. அன்றைக்கு வழுக்கியதற்கு டயர் மட்டும்தான் காரணமா, முன் பிரேக் ஒரேயடியாகப் பிடித்துக்கொள்கிறதா, ஃபோர்க்கில் ஆயில் குறைந்து முன்புறம் சட்டென்று அமுங்குகிறதா என்பது. முன் டயரில் மேடு பள்ளமாக அலை அலையாகத் தேய்மானம் இருந்தால் ஃபோர்க்கையும் பார்க்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு உள்ளங்கையை மெதுவாக டயர் மேல் வைத்தால் அது கையில் தெரியும். டயர் மாற்றும் அன்றைக்கே மெக்கானிக்கிடம் இதையும் சொல்லிவிடுங்கள். தொப்பூர் இறக்கத்தில் மூன்றாவது கியரில் இறங்குங்கள், இன்ஜினே பாதி வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். தூறலில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாக அழுத்துங்கள், வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். ரோட்டில் குறுக்காகப் போட்ட வெள்ளைப் பெயிண்ட் பட்டைகள் மேல் பிரேக் பிடிக்க வேண்டாம்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் டார்ச்சோடு முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நான்கு இலக்கத்தையும், பின் ரிம்மில் இருக்கும் அகல எண்ணையும் படித்து எழுதுங்கள். பள்ளத்தின் அடியில் வெடிப்பு இருக்கிறதா என்றும் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு 110/80 உங்கள் ரிம்முக்கு ஒத்துவருமா என்று உறுதியாகச் சொல்கிறேன். அதுவரைக்கும் குடும்பத்தோடு சேலம் போவதாக இருந்தால் பஸ்ஸில் போய் வாருங்கள்.